நாற்காலி மறுப்புத் தெரிவிக்கவில்லை

காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். பல் தேய்க்கிறேன். சோப்புப் போடாமல் மூன்று முறை கை கழுவுகிறேன். பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் எனக்கு வேலை. நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். இன்றைக்கு அரக்கு. ஜன்னலோரம் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. அவற்றின் வாயைச் சுற்றிப் பட்டுத் துணித் துண்டு கட்டியிருக்கும். அவிழ்க்கிறேன். பழைய தண்ணீரை வடித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதில் மருந்து கலக்கிறார்கள். பிறகு எண்ணுகிறேன். ஒரு ஜாடியில் ஆறு அட்டைகள், இன்னொன்றில் ஐந்து. துணியை மறுபடி கட்டுகிறேன். காபி போட்டு ஒரு டம்ளரில் குடிக்கிறேன். ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போகிறேன்.

இரண்டு வருடமாக இதைச் செய்துவருகிறேன். அதற்கு முன்பு என் மனைவி திலகவதி செய்தாள். தொண்ணூற்றெட்டு நவம்பரில், ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் பக்கம் ஓர் ஏரியில் அட்டை பிடிக்கப் போனாள். திரும்பி வர பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் லாரி ஏறியது. வயது இருபத்தாறு. அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. இது பல்கலைக்கழகத்தைப் பற்றியது.

திலகவதி பாலாற்றுப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வு மாணவி. வைத்தியத்துக்கு விடும் அட்டைதான் அவள் ஆராய்ந்தது. ஒரு வேளை வயிறு நிறையக் குடித்தால் இந்த அட்டை ஆறு மாதம் தாங்கும். அத்தனை நாளும் அதன் வயிற்றில் ரத்தம் கெடாது. அதற்குக் காரணம் அட்டையின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. வேறு கிருமி எதையும் அது அண்டவிடுவதில்லை. ரத்தம் செரிக்கவும் உதவுகிறது. "அட்டைக்குக் குடிக்கத்தாங்க தெரியும். செரிக்கிறதெல்லாம் உள்ள குடியிருக்கிறவங்க பாத்துக்கிறாங்க" என்பாள்.

பாடப் புத்தகப்படி அங்கே குடியிருப்பது ஒரே வகை. திலகவதி இரண்டு வகை என்று எழுதினாள். இரண்டாவது வகை காற்றுப் பட்டால் செத்துவிடும். ஆய்வகத் தட்டில் அவளால் அதை வளர்க்க முடியவில்லை. சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். நாற்பத்தோரு அட்டைகளில் தேடினாள். அத்தனையிலும் இருந்தது. அவள் ஆய்வேட்டின் நான்காம் இயல் அது.

அவளுடைய நெறியாளர் டாக்டர் ஜெயச்சந்திரன், துறைத் தலைவர். ஒரே வகை என்று சொல்லும் பாடப் புத்தகத்தை எழுதியவரும் அவரே. ஏழாம் பதிப்பு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. "தட்டில் வளராதது எதுவும் இல்லை என்றே பொருள்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"எங்க ஹெச்.ஓ.டி.யைக்கூடத்தான் நாங்க ஒரு நாளும் கிளாஸ்ல பாத்ததில்ல. இருக்காருன்னு நம்பிகினு இருக்கோம் இல்லியா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

இயல் எதையும் மாற்றாமல் ஐந்து பிரதி பைண்டு செய்து கொடுத்தாள். பதினெட்டாம் நாள் அந்த லாரி. அந்த ஆய்வேடு நான்காம் இயலோடு தேற வேண்டும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

மூன்று மாதம் கழித்து அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு நேரில் வர வேண்டும், வராத பட்சத்தில் ஆய்வேடு ரத்து. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். துணைப் பதிவாளர் மாணிக்கவேல் அதை வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அடடா. ரொம்ப வருத்தமா இருக்கு தம்பி. லெட்டர் குடுத்துட்டாங்களா?"

"யாரு சார்?"

"கேண்டிடேட். தேர்வுக்கு வர முடியாதுன்னா பதினஞ்சு நாள் முன்னாடி எழுதித் தரணும். விதி பதினாலு."

"இறந்துட்டாங்க சார்."

"அது எனக்குப் புரியுது. நான் கேக்கறது லெட்டர்."

லாரி பதினைந்து நாள் அவகாசம் கொடுக்கவில்லை என்றேன். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"பட்டம் குடுக்க வழி இல்லியா சார்?"

"யாரு இல்லன்னது? நேர்ல வரணும்னுதான் விதி. உயிரோட வரணும்னு எங்கேயும் எழுதல. இந்தப் பல்கலைக்கழகம் கருணை உள்ள பல்கலைக்கழகம். நாங்க யாருக்கும் எதையும் மறுத்ததே இல்ல தம்பி. தர்றதுக்குக் கொஞ்சம் நாள் ஆகும், அவ்வளவுதான். போன வருஷம் ஒருத்தருக்கு ஓய்வு பெற்ற அடுத்த நாளே வேலை உத்தரவு குடுத்தோம்."

ஆட்சிக்குழு நான்கு முறை கூடியது. முதல் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் போட்டார்கள். இரண்டாவதில், இரங்கல் தீர்மானத்தில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தத் தீர்மானம் போட்டார்கள். மூன்றாவதில் தேநீர் ஆறியிருந்ததால் ஒத்திவைத்தார்கள். நான்காவதில் முடிவானது. தேர்வு நாளன்று ஆய்வாளரின் நாற்காலி ஆய்வாளராகக் கருதப்படும். கணவர், நாற்காலியின் பிரதிநிதியாக அருகில் இருக்கலாம். பேசக் கூடாது. ஆய்வுக்குப் பயன்பட்ட உயிர்ப்பொருள் அனைத்தும் முன்னதாகவே பண்டகசாலையில் பதியப்பட வேண்டும்.

ஜாடிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். வேலூர் வரைக்கும் எனக்கு இரண்டு சீட்.

பண்டகசாலையில் துரைக்கண்ணு என்பவர் இருந்தார். சந்தவாசல்காரர்.

"எங்க ஊர்க் கழனியில இது நெறைய கீதுங்க. இதுக்கா படிப்பு?" என்றார். பதிவேட்டைத் திறந்தார். "நுகர்பொருள்னு எழுதறதா, நிலைப்பொருள்னு எழுதறதா?"

"வித்தியாசம் இன்னாங்க?"

"நுகர்பொருள்னா பயன்படுத்தினா தீந்து போவும். நிலைப்பொருள்னா நிக்கும்."

"இது நிக்காதுங்க. ஊரும்."

யோசித்துவிட்டு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார். "மொத்தம் பதினொண்ணு. உள்ள இருக்கிற பாக்டீரியாவையும் பதியணும்னு போட்டுக்கீதுங்க. அது எத்தினி?"

"ஒரு அட்டையில கோடிக்கணக்குல இருக்கும்."

பேனாவை மூடிவிட்டார். "ஒரு லட்சத்துக்கு மேல எது உள்ள வந்தாலும் ஆட்சிக்குழு கையெழுத்து வேணுங்க. மறுபடியும் நாலு கூட்டம். பேஜாருங்க." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஜாடி ரெண்டு, உள்ள தண்ணின்னு எழுதிக்கிறேன். நான் எதையும் பாக்கல. ஆனா ஒண்ணுங்க, தேர்வு அன்னிக்கு மூடி கட்டிக்கினு வராதீங்க. மூடின பொருள மேஜ மேல வெக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை கீது."

"தொறந்து வெச்சா ஊர்ந்து வெளிய வந்துடுங்க."

"அதுக்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லீங்க."

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு டாக்டர் ஜெயச்சந்திரன் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் அவர் எழுதிய புத்தகத்தின் ஏழு பதிப்புகளும் அடுக்கியிருந்தன. உட்காரச் சொன்னார்.

"திலகவதி எனக்குப் பொண்ணு மாதிரி. அவங்க ரெண்டாவது இயலையும் மூணாவது இயலையும் நான் கட்டுரையா வெளியிட்டுட்டேன் தெரியுமா? துக்கத்துல அவங்க பேரைப் போட எனக்குக் கை வரல."

புத்தக அடுக்கை நேராக்கினார்.

"இப்ப ஒரு சின்ன விஷயம். நாலாவது இயலை எடுத்துடுவோம். எடுத்துட்டா மூணும் அஞ்சும் பக்கத்துல பக்கத்துல வந்துடும். பாக்க அழகா இருக்கும். அவங்க உயிரோட இருந்திருந்தா நானே பேசி ஒத்துக்க வெச்சிருப்பேன். இப்ப அவங்க ஒத்துக்கறது இன்னும் சுலபம்."

தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார். அதில் இப்படி இருந்தது. "நான்காம் இயலில் நான் கண்டதாக எழுதியது, என் கணவர் செய்யும் சாயத் தொழிலின் காரணமாகக் கண்ணாடித் துண்டில் ஒட்டிய கறையாக இருக்கலாம். ஆகவே அதை நானே விலக்கிக்கொள்கிறேன்."

"அவங்க எழுத்து உங்களுக்குப் பழக்கம்தானே. அதே மாதிரி கையால ஒரு பக்கம் எழுதி, முன்தேதி போட்டுக் கொண்டாங்க. ஒரு மாசத்துல பட்டம்."

என் நகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு நீலம். பஸ்ஸில் கண்ணமங்கலம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு ஞாபகம் வந்தது. அந்தக் கண்ணாடித் துண்டுகளை அவள் என்னைத் தொட விட்டதே இல்லை.

ஆனாலும் ஒரு மாதத்தில் பட்டம் என்று சொல்லியிருந்தார். நேராக முள்ளிப்பட்டுக்குப் போனேன். திலகவதியின் அப்பா சுப்பராயலு தறியில் இருந்தார். அவர் மகளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. தாளைக் கொடுத்தேன். மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

"இத்த எங்க பொண்ணு எழுதினா மாதிரி நீங்க எழுதணுமா மாப்ள?"

"ஆமா மாமா. எழுதினா பட்டம் வருது."

தறியில் சுற்றியிருந்த சேலையைக் கொஞ்சம் பிரித்தார். "இங்க தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வழுவழுப்பாக இருந்தது. "ஒண்ணும் தெரியல."

"போன வாரம் ஜுரத்துல படுத்துகினு இருந்தேன். ஒரு முழம் என் தம்பி உக்காந்து நெய்ஞ்சான். கண்ணுக்குத் தெரியாது. வெரலு வெச்சா தெரியும். அவன் அடிக்கிற அடி வேற, நான் அடிக்கிற அடி வேற. எம்மாம் பெரிய ஆளா இருந்தாலும் கை மாறின எடம் தடம் கட்டிக்கும்." அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். "சேலைய எடுத்துகினு போறப்ப முதலாளி கிட்ட சொல்லிடுவோம், இங்கருந்து இதுவரைக்கும் தம்பி கைன்னு. என் கைன்னு சொன்னா அது திருட்டுத்தனம்."

தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ நெய்ஞ்சு முடிச்சி அறுத்துக் குடுத்துட்டுப் போயிட்டா. அதுல நீங்க ஒரு எழ ஓட்ட வேணாம்."

மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

தேர்வு நாள். கூடத்தில் ஒரு நாற்காலி தனியாகப் போடப்பட்டிருந்தது. ஒருவர் வந்து அதைத் துடைத்தார். இன்னொருவர் அதன் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். வருகைப் பதிவேட்டில் "நாற்காலி, வந்துள்ளது" என்று எழுதினார்கள். நாற்காலி சரியான நேரத்துக்கு வந்திருந்தது. துணைப் பதிவாளர் அரை மணி தாமதம். டாக்டர் ஜெயச்சந்திரன் ஒரு மணி.

சுற்றறிக்கைப்படி ஜாடிகளை மேஜையில் வைத்துத் துணியை அவிழ்த்தேன். அட்டைகள் ஆறு மாதமாகப் பசியோடு இருந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"பிரதிநிதி பேசக் கூடாது," என்றார் மாணிக்கவேல்.

டாக்டர் ஜெயச்சந்திரன் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாக உட்கார்ந்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"ஆய்வாளரே, அட்டையின் குடலில் எத்தனை வகை பாக்டீரியா வாழ்கிறது?"

இரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். மாணிக்கவேல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது.

"யோசிக்கிறார். நல்ல பழக்கம்," என்றார் ஜெயச்சந்திரன். "அடுத்த கேள்வி. நான்காம் இயலை நீக்குவதில் தங்களுக்கு மறுப்பு உண்டா?"

மறுபடி இரண்டு நிமிடம்.

"எழுதிக்கோங்க," என்றார் மாணிக்கவேல். "ஆய்வாளர் மறுப்புத் தெரிவிக்கவில்லை."

நான் கையைத் தூக்கினேன். கையைத் தூக்குவதும் பேச்சாகவே கருதப்படும் என்றார்கள். இறக்கினேன்.

பிறகு நெறியாளர் உரை.

"இந்த நாற்காலியைப் பார்க்கையில் என் உள்ளம் நிறைகிறது. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் இவ்வளவு பணிவான ஆய்வாளரை நான் கண்டதில்லை. குறுக்கே பேசவில்லை. ஆதாரம் கேட்கவில்லை. நேற்று ஒன்று கண்டுபிடித்தேன் என்று ஓடி வரவில்லை. இன்றைய மாணவர்கள் இந்த நாற்காலியிடம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி என்றால் என்ன? ஏற்கனவே தெரிந்ததை மறுபடி மரியாதையோடு தெரிந்துகொள்வது. நான் என் மாணவர்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டதில்லை. அவர்களாகவே விட்டுவிட்டுப் போனதைப் பத்திரப்படுத்தி, என் பெயரில் வைத்திருக்கிறேன்..."

அந்த இடத்தில்தான் ஓர் அட்டை ஜாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது. மேஜைக்கால் வழியாக இறங்கியது. நான் பார்த்தேன். பிரதிநிதி பேசக் கூடாது. அட்டை கடிப்பது வலிக்காது. கடிக்கும்போதே மரத்துப்போகிற மாதிரி ஏதோ ஒன்றை அது சேர்த்து விடுகிறது. அவருடைய இடது கணுக்காலில் தலையை வைத்தது. மெலிந்து நாடா மாதிரி இருந்தது, பேச்சு வளர வளர விரல் கனத்துக்கு வந்தது.

முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அட்டையும் முப்பத்தைந்து நிமிடம் குடித்தது. ஒரே வித்தியாசம், அட்டை போதும் என்று தானாக விழுந்தது.

கைதட்டினார்கள். ஜெயச்சந்திரன் செருப்பைத் தேடி அடியில் குனிந்தார். வெள்ளைப் பேண்ட்டின் ஓரம் முழுக்கச் சிவந்திருந்தது. அட்டை விட்ட பிறகும் ரத்தம் லேசில் நிற்காது. அவர் எழுப்பிய சத்தம் அவர் உரையில் எங்கேயும் இல்லாத அளவுக்கு உண்மையாக இருந்தது.

"உள்ள இருக்கிறது ரத்தத்துல கலந்திருக்குமாய்யா? சீழ் பிடிக்குமா?" என்று என்னைக் கேட்டார். பேசலாமா என்று நான் மாணிக்கவேலைப் பார்த்தேன்.

"பேசுய்யா!" என்றார் ஜெயச்சந்திரன்.

"சில பேருக்குப் பிடிக்கும் சார். மூணாம் இயல்ல இருக்கு. உங்க கட்டுரையிலயும் இருக்கும்."

முதலுதவி மருந்து பண்டகசாலையில்தான் இருக்கிறது. துரைக்கண்ணு சீட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"எதுக்கு மருந்துன்னு எழுதணுங்க சார்."

"அட்டையோட பாக்டீரியாவுக்குய்யா!"

"எத்தினி வகைங்க? ஒவ்வொரு வகைக்கும் தனிச் சீட்டு."

 நான் சொன்னேன். "ஒரு சீட்டு போதும் சார். பக்கம் இருநூத்திப் பன்னெண்டு."

ஜெயச்சந்திரன் என்னைப் பார்த்தார். கணுக்காலைப் பார்த்தார். ரத்தம் தரையில் ஒரு கோடு போட்டிருந்தது.

"ரெண்டு எழுது."

"இன்னாங்க சார்?"

"ரெண்டு சீட்டுய்யா! ரெண்டு வகை! ஜல்தியா எழுது!"

இரண்டு சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. புத்தகத்தின் முன்னுரையில் இருப்பதும் அதுதான்.

அட்டையைத் தேடி எடுத்து ஜாடியில் போட்டேன். எண்ணினேன். பதினொன்று. துணியைக் கட்டினேன். அந்த இரண்டு சீட்டையும் தேர்வுக் குறிப்போடு சேர்க்கும்படி மாணிக்கவேலைக் கேட்டேன்.

"அது ஸ்டோர்ஸ் ஃபைல் தம்பி. இது தேர்வு ஃபைல். ஒண்ண ஒண்ணு பாக்கக் கூடாது. பாத்தா நிர்வாகம் எப்படி நடக்கும்?" ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். "இங்க ஒம்பதாவது கட்டம். ஆய்வாளரின் இறுதிக் கூற்று. நாலாவது இயல நீக்க அவங்க சம்மதிச்சதா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பட்டம் தபால்ல வந்துடும். இவ்வளவு தூரம் வந்தாச்சு. இனிமே எதுக்குப் பிடிவாதம்? அவங்க ஆத்மா சாந்தியடையட்டும்."

பேனாவை வாங்கினேன். தேர்வுக் குறிப்பில் இருந்த மறுப்புத் தெரிவிக்கவில்லை என்ற வரியைக் குறுக்கே அடித்தேன்.

"பிரதிநிதி அடிக்கக் கூடாது!"

"பிரதிநிதி இல்ல சார். புருஷன்."

ஒன்பதாவது கட்டத்தில், "இங்கிருந்து எழுத்து என்னுடையது, வார்த்தை அவளுடையது" என்று முதலில் எழுதினேன். அதற்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்னதை எழுதினேன். ஏரிக்குக் கிளம்பிய அன்று காலை ஆறு நாற்பதுக்கு, ஒரு கையில் தண்ணீர் கேனும் இன்னொரு கையில் செருப்புமாக வாசலில் நின்று சொன்னது. மேஜையில் பாதி வெட்டிய அட்டை, கண்ணாடித் துண்டுகள், குப்பிகள், தாள்கள் எல்லாம் பரப்பிக் கிடந்தன. நான் துடைப்பத்தை எடுத்திருந்தேன்.

பட்டம் வரவில்லை. ஒன்பதாவது கட்டம் விதிப்படி இல்லை, திருத்தி அனுப்பவும் என்று கடிதம் வருகிறது. இதுவரை ஏழு. ஏழு முறையும் புதுப் படிவத்தில் அதே வரியை எழுதி அனுப்பியிருக்கிறேன். எட்டாவது நேற்று வந்தது. இன்று காலை தண்ணீர் மாற்றிவிட்டு, பதினொன்றும் எண்ணிவிட்டு, எழுதினேன்.

"தண்ணிய மட்டும் மாத்துங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் கொட்டிடாதீங்க."